செல்ஃப் எடுக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை

கடந்த ஜூலை மாதத்தில் ஒரு விடியற்காலை. நவி மும்பையில் இரவெல்லாம் பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்தது. அம்மாவுக்கு அன்று கண்புரை அறுவைச் சிகிச்சை. ஏழரை மணிக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்ற காரில் அம்மாவை அமர்த்திவிட்டுச் சாவியைத் திருப்பினோம். செல்ஃப் எடுத்தது, என்ஜின் சுழன்றது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. மறுபடியும் திருப்பினோம். அதே ஓசை, அதே ஏமாற்றம். ஆறேழு முறை முயன்று பார்த்துவிட்டு, வாடகைக் கார் ஒன்றை வரவழைத்துக்கொண்டு புறப்பட்டோம். நல்லவேளையாக அறுவைச் சிகிச்சை குறித்த நேரத்தில் நடந்தது.

காரைச் சரிசெய்யத்தான் நான்கு நாட்கள் ஆயின. முதலில் வந்த மெக்கானிக், பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்றார். புதிய பம்ப்புக்கும் கூலிக்குமாக 9,200 ரூபாய் கொடுத்தோம். அதன் பின்னும் என்ஜின் பிடிக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். அவர் பெற்றுக்கொண்டது 700 ரூபாய்.

முதலாமவர் அனுபவம் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர் ஓர் அறிகுறியைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிட்டார். இரண்டாமவர் எந்தப் பொருளையும் கழற்றுவதற்கு முன்பு வரிசையாகச் சோதித்தார். அந்த வரிசையில் பாதியைக் காரின் உரிமையாளரே, கருவி எதுவுமின்றி, ஐந்து நிமிடங்களில் செய்துவிடலாம். அதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வேறு பழுதுகள்

‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொற்றொடருக்குள் இரண்டு வேறு பழுதுகள் அடங்கியிருக்கின்றன. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்பதோ, ஒன்றுமே கேளாமல் இருப்பதோ முதல் வகை. பேட்டரி, அதன் இணைப்புகள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றில் குறை இருக்கும்போது இவ்வாறு நிகழும். என்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றிக்கொள்ளாமல் இருப்பது இரண்டாம் வகை. நம் கட்டுரை இதைப் பற்றியது.

இந்த வேறுபாட்டை உணர்ந்தாலே ஒரு வீண்செலவு தவிர்க்கப்படும். ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுழற்றுவதற்கு நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கிறது. அவ்வளவு மின்னோட்டத்தைக் கொடுத்து என்ஜினை நல்ல வேகத்தில் சுழற்றும் பேட்டரியை ‘செத்துவிட்டது’ என்று சொல்லி மாற்றுவதில் பொருளில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. என்ஜின் இழுத்து இழுத்து, தயங்கித் தயங்கிச் சுழன்றால் பேட்டரியைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். முழு மின்னேற்றத்தில் ஓய்ந்திருக்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், என்ஜின் மெதுவாகச் சுழலும். அதே வேளையில் தீப்பொறிக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும் போதிய மின்சாரம் எஞ்சாது.

என்ஜின் கேட்கும் மூன்று

பெட்ரோல் என்ஜின் ஓடுவதற்கு மூன்று தேவை: காற்றோடு அளவாகக் கலந்த எரிபொருள், அதைப் பற்றவைக்கும் தீப்பொறி, கலவையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம். இம்மூன்றும் உரிய கணத்தில் ஒன்றுசேர வேண்டும். செல்ஃப் எடுத்தும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் இவற்றில் ஒன்று இல்லை, அல்லது காலம் தப்பி வருகிறது. ஆகவே, ‘எந்தப் பொருளை மாற்றுவது?’ என்று கேட்பதற்கு முன் ‘இம்மூன்றில் எது இல்லை?’ என்று கேட்க வேண்டும். தீப்பொறி இல்லாத வண்டிக்குப் பம்ப் மாற்றினாலும், எரிபொருள் வராத வண்டிக்குப் பிளக் மாற்றினாலும் பணம்தான் போகும்.

பானெட்டைத் திறக்கும் முன்

முதல் ஐந்து நிமிடங்களில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே ஏழு விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஒன்று, எரிபொருள் அளவு. இது சிரிப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆனால் சரிவான இடத்தில் நிறுத்திய காரில், தொட்டியின் அடியில் கிடக்கும் சிறிதளவு பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்ப்புக்கு எட்டாமல் போவதுண்டு. முள் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வேறெதையும் எண்ணுமுன் சில லிட்டர் ஊற்றிப் பார்ப்பதே முறை.

இரண்டு, சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு. திருட்டுத் தடுப்பு அமைப்பு சாவியை அடையாளம் காணாவிட்டால், சில கார்களில் செல்ஃப் எடுக்கும்; ஆனால் எரிபொருளோ தீப்பொறியோ துண்டிக்கப்பட்டிருக்கும். சில கார்கள் ஓரிரு நொடி ஓடி அணைந்துவிடும். அந்த விளக்கு விடாமல் சிமிட்டினால் வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியைக் கொண்டு முயல வேண்டும்.

மூன்று, செக் என்ஜின் விளக்கு. சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்து, செல்ஃப் அடிக்காமல் நிறுத்தினால் இவ்விளக்கு எரிய வேண்டும். அது எரிவது நலத்தின் அறிகுறி. அந்த நிலையில் எரியவே இல்லை என்றால், கட்டுப்பாட்டுக் கணினிக்கு மின்சாரம் போகாமல் இருக்கக்கூடும். ஒரு ஃபியூஸோ ரிலேயோ அதற்குக் காரணமாகலாம்.

நான்கு, பம்ப்பின் ஓசை. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து ஏறக்குறைய இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். தொட்டிக்குள் இருக்கும் பம்ப், குழாயில் அழுத்தத்தை ஏற்றும் ஓசை அது. பாட்டை நிறுத்தி, ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கேட்க வேண்டும். ஓசை கேட்டால் பம்ப் சுழல்கிறது என்பது உறுதி. போதிய அழுத்தம் தருகிறதா என்பது பின்னர் அளக்க வேண்டியது.

ஐந்து, ஆர்பிஎம் முள். செல்ஃப் அடிக்கும்போது பல கார்களில் இந்த முள் சற்றே எழும்பும். கிராங்க் சென்சார் தரும் தகவலைக் கொண்டே கணினி அந்த வேகத்தை அறிகிறது. முள் அசையாமல் சுழியத்திலேயே கிடந்தால், என்ஜின் சுழல்வதே கணினிக்குத் தெரியவில்லை என்று ஐயுறலாம். முன்பு நம் காரில் முள் எழும்புமா என்பதை நலமாக ஓடும் நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆறு, மணம். சில முறை செல்ஃப் அடித்தபின் புகைக்குழாய் அருகே பெட்ரோல் மணம் வீசினால், எரிபொருள் வருகிறது, தீப்பொறிதான் ஐயத்துக்குரியது. மணமே இல்லை என்றால் எரிபொருள் வரவில்லை என்று கொள்ளலாம். மணம் மிகுந்திருந்தால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருக்கவும் கூடும். அப்போது பத்து நிமிடம் பொறுத்திருந்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஒரு முறை செல்ஃப் அடிக்கலாம். இன்ஜெக்டர் உள்ள பல கார்களில் அந்நிலையில் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். உள்ளே போகும் காற்று ஈரத்தை உலர்த்தும்.

ஏழு, சுழலும் ஓசை. நலமான என்ஜின் சுழலும்போது ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும்போது சிறு தடை உண்டாவதால் வரும் தாளம் அது. அது மறைந்து, தடையின்றி வேகமாக, வெறுமையாகச் சுழலும் ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பல என்ஜின்களில் அந்நிலையில் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மேலும் மேலும் சுழற்றுவது சேதத்தைப் பெருக்கும்.

பானெட்டுக்குக் கீழே

அடுத்து, கண்ணால் மட்டும் பார்க்கக்கூடியவை. பேட்டரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, இணைப்பு கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் இருக்கும். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், என்ஜின் கணினி ஆகியவற்றுக்கான ஃபியூஸ்களை எடுத்து, உள்ளிருக்கும் உலோக இழை அறுந்திருக்கிறதா என நோக்கலாம். ஹார்னுக்கும் பம்ப்புக்கும் ஒரே எண் கொண்ட ரிலே இருந்தால் சாவியை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் கொண்ட ஃபியூஸையோ கம்பியையோ ஒருபோதும் வைக்கலாகாது. புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் மின்கம்பியில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

எலிகளையும் மறக்கக்கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிறுத்துமிடங்களில், மழைக்காலத்தில், இதமான என்ஜின் அறை எலிகளுக்குப் பிடித்த புகலிடம். எச்சம், கடித்த பஞ்சு, மென்று துப்பிய பிளாஸ்டிக் துகள் ஆகியவை தென்பட்டால், அருகிலுள்ள கம்பிகள் அனைத்தையும் விளக்கொளியில் பார்த்துவிட வேண்டும்.

கருவிகள் பேசும் மொழி

இதற்கு மேல் மெக்கானிக்கின் பணி. அவர் முதலில் எடுக்க வேண்டிய கருவி ஸ்கேனர். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளின்படி தயாரான கார்கள் அனைத்திலும், அவற்றுக்கு முந்தைய பல கார்களிலும், டேஷ்போர்டின் கீழே 16 முனைகள் கொண்ட இணைப்பான் உண்டு. கணினி பதிவுசெய்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளை அதன் வழியே படிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. குறியீடு சொல்வது ஒரு மின்சுற்றின் நிலையை. மாற்ற வேண்டிய பொருளின் பெயரை அன்று. ‘பி0335’ என்ற குறியீடு கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு என்கிறது. அச்சுற்றில் சென்சார் இருக்கிறது. அதன் கம்பிகள், இணைப்பான், கணினியின் உள்ளீடு ஆகியவையும் இருக்கின்றன. குறியீட்டைக் கண்டதும் சென்சாரை வாங்கி மாற்றுவதும் ஊகம்தான். ஸ்கேனர் வைத்துச் செய்யும் ஊகம்.

குறியீடு இல்லாதபோது அளவுகள் பேசும். இன்ஜெக்டர் உள்ள வழக்கமான பெட்ரோல் கார்களில் எரிபொருள் அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். தீப்பொறியைச் சோதிக்கத் தனிக் கருவி உண்டு. சிலிண்டர் அழுத்தத்தை அளக்க ஒரு மானி உண்டு. இவற்றை வீட்டில் முயல வேண்டாம். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் தீப்பொறியைச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து. நேரடி இன்ஜெக்ஷன் கார்களிலும் டீசல் கார்களிலும் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார். அக்குழாயைத் தளர்த்தினால் பீறிடும் எரிபொருள் தோலைத் துளைக்கும்.

நம் காரில் நடந்தது என்ன?

இப்போது 9,200 ரூபாய்க்கு வருவோம். முதல் மெக்கானிக் உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னிருக்கை அருகே காது கொடுத்தார். பம்ப்பின் ஓசை கேட்கவில்லை. இன்ஜெக்டர் பக்கம் பெட்ரோலும் வரவில்லை. ‘பம்ப் போய்விட்டது’ என்றார். கேட்பவருக்கு ஐயம் எழாத முடிவு அது, நமக்கும் எழவில்லை.

இரண்டாமவர் சாவியை ‘ஆன்’ செய்துவிட்டுச் சும்மா அமர்ந்திருந்தார். செக் என்ஜின் விளக்கு எரிந்தது. புதிய பம்ப் இரண்டு நொடி முனகி நின்றது. செல்ஃப் அடித்தார், ஆர்பிஎம் முள் அசையவில்லை, பம்ப்பும் ஓடவில்லை. ஸ்கேனரில் ‘பி0335’ தெரிந்தது. காரின் அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, கியர்பாக்ஸ் அருகே கிராங்க் சென்சாருக்குப் போகும் இரண்டு கம்பிகளை எலி கடித்துத் துண்டித்திருந்தது புலப்பட்டது. கம்பிகளைப் பற்றவைத்து, மேலே வெப்பத்தில் சுருங்கும் உறையை இட்டார். என்ஜின் முதல் முயற்சியிலேயே பிடித்தது.

பம்ப் ஏன் ஓடவில்லை என்பதையும் அவரே விளக்கினார். பல கார்களில் கணினி, என்ஜின் சுழல்கிறது என்ற தகவல் கிராங்க் சென்சாரிலிருந்து வந்தால் மட்டுமே பம்ப்பைத் தொடர்ந்து இயக்கும். விபத்தில் என்ஜின் நின்றுவிட்டால் அறுந்த குழாய் வழியே பெட்ரோல் கொட்டாமல் இருப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இது. தகவல் வராததால் கணினி பம்ப்பையும் நிறுத்தியது, இன்ஜெக்டரையும் நிறுத்தியது, தீப்பொறியையும் நிறுத்தியது. முதல் மெக்கானிக் கண்டது உண்மையான அறிகுறிதான். ஆனால் அது காரணம் அன்று, விளைவு. பம்ப்புக்கு மின்சாரம் வருகிறதா என்று ஒரு சோதனை விளக்கை வைத்துப் பார்த்திருந்தால், பம்ப்பின் மீது பழி விழுந்திருக்காது.

இடத்துக்கு இடம் மாறும் காரணங்கள்

நம் நாட்டின் தட்பவெப்பமும் எரிபொருள் வழக்கமும் இப்பழுதுக்குத் தனித்தனிக் காரணங்களைத் தருகின்றன. மும்பை, தில்லி, அகமதாபாத் போன்ற நகரங்களில் சிஎன்ஜி கார் வைத்திருப்போர் பெட்ரோல் தொட்டியைக் கிட்டத்தட்ட வெறுமையாகவே விட்டுவைப்பதுண்டு. ஆனால் இவ்வகைக் கார்கள் பலவும் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பின்னரே சிஎன்ஜிக்கு மாறுகின்றன. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோலே. தொட்டி வறண்டால் பம்ப் சூடேறிக் கெடும். பல மாதம் தேங்கிய பெட்ரோலும் எளிதில் பற்றாது. ஆகவே சில லிட்டர் எப்போதும் இருக்கட்டும். அதையும் அவ்வப்போது ஓட்டித் தீர்த்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றுகிறது. அங்கே எரிபொருள் குழாயில் புகுந்த காற்று, வடிகட்டியில் தேங்கிய நீர், குளிர்காலத்தில் குளோ பிளக் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். லடாக் போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் கடுங்குளிரில் டீசலே உறைந்து இறுகிவிடும். அதற்கென்றே மைனஸ் 33 பாகை வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் அங்கு அறிமுகப்படுத்தியது.

மழைவெள்ளம் தனிக் கவனத்துக்குரியது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. நீரில் நின்றுபோன காரில் மேலே சொன்ன சோதனைகள் எதையும் செய்யலாகாது. செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்றை இறுக்கலாம், நீரை இறுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பொதுவாக, விரிவான வாகனக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்ய முயன்றதால் என்ஜினுக்கு நேர்ந்த சேதத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க மறுக்கக்கூடும். அதற்கெனத் தனியாக ‘என்ஜின் பாதுகாப்பு’ இணைப்பு உண்டு. வெள்ள அபாயம் உள்ள ஊர்களில் வசிப்போர், புதுப்பிக்கும் நாளில் பாலிசியின் நிபந்தனைகளைப் படித்து முடிவு செய்வது நலம். சாலையோர உதவிக்கான இணைப்பு இருந்தால் காரை இழுத்துச் செல்லும் செலவும் மிஞ்சும்.

பணத்தைக் காக்கும் பழக்கங்கள்

செல்ஃப் ஒரு முறை பத்து நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமேனும் இடைவெளி தேவை; இல்லையேல் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும், பேட்டரியும் வடியும். அப்போது ஒரு பழுது இரண்டாகிவிடும். தீப்பொறி இல்லாமல் தொடர்ந்து அடித்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் சேர்ந்து அதைக் கெடுக்கக்கூடும்.

மெக்கானிக்கை அழைக்கும்போது ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், கண்டதைச் சொல்ல வேண்டும்: ‘செல்ஃப் நல்ல வேகத்தில் எடுக்கிறது, செக் என்ஜின் விளக்கு எரிகிறது, பம்ப்பின் ஓசை கேட்கிறது, ஆர்பிஎம் முள் அசையவில்லை, பெட்ரோல் மணம் இல்லை.’ இந்த ஐந்து குறிப்புகளும் அவருடைய ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அவர் ஒரு பொருளை மாற்ற வேண்டும் என்றால், ‘எந்தச் சோதனையில் இது தெரிந்தது?’ என்று பணிவோடு கேட்கலாம். நல்ல மெக்கானிக் அக்கேள்வியால் வருந்தமாட்டார். சோதனைக்கென்று அவர் தனிக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுக்கலாம். தேவையற்ற ஓர் உதிரிப்பாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகையாகவே இருக்கும். பில்லையும், கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் கண் இப்போது நலமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து கம்பிகளைப் பார்ப்பது நம் வீட்டு வழக்கமாகிவிட்டது. கழற்றிய பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அதில் ஒரு குறையும் இல்லை என்று இரண்டாமவர் சோதித்துச் சொன்னார். அது அலமாரியின் மேல்தட்டில், பெட்டிக்குள், அடுத்த தேவைக்குக் காத்திருக்கிறது.